கொடியில் காயாத சேலைகள்

என் மகள் ஒரு கைப்பையோடு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி மூன்று வாரம் ஆகப்போகிறது. நல்ல உச்சி வெயில். இடது காது சிவந்து வீங்கியிருந்தது. "அவரு அடிச்சிட்டாரும்மா" என்றாள், குடிக்கத் தண்ணீர் கேட்கிற குரலில். அன்றிலிருந்து வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து போய்த் தாழ்ப்பாளைப் பார்க்கிறேன். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன்.

அவளுடைய துணிமணி முழுக்க அந்த வீட்டு பீரோவில் இருக்கிறது. சாவி மாமியார் இடுப்பில். "யாரையாவது அனுப்பி என் சேலையெல்லாம் எடுத்துட்டு வரச் சொல்லுங்கம்மா" என்று அவள் கேட்டதும் என் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் நிலைப்படியை மறித்து நின்றேன்.

"துணியக் கேட்டுப் போகாதீங்க. அவங்களே கொண்டு வரட்டும்" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று தெரிந்தது. இருபது வருஷத்துக்கு முன்னால், காளவாசல் பக்கம் ஒரு காம்பவுண்டில் நாங்கள் குடியிருந்தபோது எதிர்வீட்டில் இருந்த அக்காவின் பேச்சு. அக்காவின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அவளுக்குப் பிடிக்காது. பிடிக்காததை அவள் மறக்கவும் மாட்டாள்.

மறக்காமல் இருப்பதுதான் அக்கா. காம்பவுண்டுக்குப் பால் ஊற்றுகிறவர் ஒருநாள் தண்ணீரைத் தாராளமாக விட்டுவிட்டார். மற்ற வீட்டுப் பெண்கள் எல்லோரும் சத்தம் போட்டார்கள். அக்கா மட்டும் பேசாமல் வாங்கிக்கொண்டு போனாள். சில நாள் கழித்து வெயிலில் வந்தவர், "தாயி, ஒரு சொம்பு மோர் குடு" என்று அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்தார். பெரிய சொம்பு நிறையக் கொடுத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். ஒரு பேச்சுக்கு வெள்ளையாக இருந்தது, அவ்வளவுதான்.

"நல்லாருக்காண்ணே?" என்றாள் அக்கா.

அவர் முழுச் சொம்பையும் குடித்துவிட்டுத்தான் எழுந்தார். மறுநாளிலிருந்து அந்த வீட்டுக்குப் பால் திக்காக வந்தது.

இந்த வாய்தான் அவளைப் பிறந்த வீடான எங்கள் எதிர்வீட்டுக்குத் திருப்பி அனுப்பியது. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. திருப்பரங்குன்றத்தில் மாமியார் வீடு. சாப்பாட்டில் உப்பு இல்லை என்று மாமியார் நாலு பேருக்கு முன்னால் இலையைத் தள்ளியிருக்கிறாள். "உப்பு ஒங்க கைக்கிட்டதான் இருக்கு அத்தை" என்று அக்கா சொல்லியிருக்கிறாள். அது அன்றோடு முடிந்தது போலத்தான் இருந்தது. சித்திரைத் திருவிழா வந்தது. "ஆத்தா வீட்டுக்குப் போயி அழகரப் பாத்துட்டு வா" என்று அன்பாக அனுப்பிவைத்தார்கள். மாற்றிக் கட்ட இரண்டு பருத்திச் சேலைகளோடு வந்தாள். கல்யாணப் பட்டுச் சேலைக்குச் சேர்ந்த ஜாக்கெட்டையும் எடுத்து வந்திருந்தாள். கை இறுக்கமாக இருந்ததால், அதைத் தைத்த காளவாசல் டெய்லரிடமே பிரித்துத் தைக்கக் கொடுக்க. அழகர் ஆற்றில் இறங்கி மலைக்குத் திரும்பியும் ஆகிவிட்டது. "கூட்டிட்டு வர வேண்டாம், நாங்க சொல்லி அனுப்புறோம்" என்று தகவல் வந்தது.

அவளுடைய தகரப் பெட்டி அங்கே இருந்தது. சேலை, பட்டு, எல்லாம் அதற்குள்.

இதில் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். அவர்கள் பக்கத்திலும் எங்கள் பக்கத்திலும் அது ஒன்றுதான். பிறந்த வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கிற பெண், புருஷன் வீட்டிலிருந்து தன் பெட்டியைக் கேட்டு ஆள் அனுப்பினால், அவளே உறவை அத்துக்கொண்டாள் என்று அர்த்தம். பிறகு ஊர்ப்பேச்சில் குற்றம் அவள் தலையில். நகையையும் பாத்திரத்தையும் திருப்பிக் கேட்க வாயிருக்காது. அவன் மறுமாதமே வேறு பெண் பார்க்கலாம். மாமியார் காத்திருந்தது அதற்குத்தான். "எத்தன நாளைக்கு ரெண்டு சேலையில ஓட்டுவா? துணி தீந்தா தன்னால வந்து கேப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம். அது அக்காவின் காதுக்கு வந்தது.

"தீந்தாத்தான டீச்சர்?" என்றாள் என்னிடம்.

நான் அப்போது ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கோடை விடுமுறை. கைக்குழந்தையோடு வீட்டில் இருந்தேன். இப்போது காது வீங்கி வந்து நிற்கிறவள்தான் அந்தக் குழந்தை. பகல் முழுக்க அவளைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டில் கிடப்பேன். ஒரு பெண் இல்லாத துணியை வைத்துக்கொண்டு போருக்குத் தயாரானதை நான் உட்கார்ந்து பார்த்தேன்.

முதலில் தன் அம்மாவின் பழைய சேலைகளை எல்லாம் தரையில் விரித்தாள். பாதிக்குமேல் இற்றுப்போனவை. அவற்றைத் தன் கறுநீலச் சுங்குடிக்கும் கனகாம்பர நிறச் சேலைக்கும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள், கழித்தாள், மறுபடி வைத்தாள். ஒன்றோடு மட்டும் சேருகிறதை எடுக்கவே இல்லை. எல்லாவற்றோடும் சேர்ந்து நிற்க வேண்டும். "ஒண்ணுக்கு மட்டும் ஒத்துப்போறது வீட்டுக்காரி மாதிரி, நமக்கு வேணாம். எல்லார் கூடவும் பேசிப் பழகுறதா இருக்கணும்" என்பாள்.

அப்புறம் சாயப்பொடி வாங்கி அலுமினியச் சட்டியில் காய்ச்சி, தன் வெள்ளை ஜாக்கெட் ஒன்றைக் கறுப்பாக்கினாள். அவள் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"கல்யாணமான பிள்ள கறுப்பு உடுத்தலாமாடி? ஆகுமா?"

"எனக்கு நல்லது பண்ற நெறமெல்லாம் பெட்டிக்குள்ள பூட்டிக் கெடக்கும்மா. கெட்டது பண்ற நெறம் என்ன பண்ணுதுன்னு பாப்போம்."

அந்தக் கறுப்பு ஜாக்கெட் எல்லாச் சேலைக்கும் போனது. சேலைகளில் ஒன்றுக்கு இரண்டு ஓரமும் வேறு வேறு கரை. ஒருநாள் பச்சைக் கரை காலடியில், மறுநாள் தலைகீழாக்கி அரக்குக் கரை காலடியில். பார்க்கிறவர்களுக்கு அது இரண்டு சேலை. இற்றுப்போன இரண்டு சேலைகளில் நல்ல பாகத்தை வெட்டி, ஒன்றோடு ஒன்றைக் கையாலேயே ஒட்டுத் தைத்தாள். ஒட்டு இடுப்புக் கொசுவத்துக்குள் மறைந்துவிடும். கொசுவம் காப்பிப்பொடி நிறம், முந்தானை பாசிப்பச்சை. அதைக் கட்டிக்கொண்டு காளவாசல் கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்தாள். பின்னாலேயே இரண்டு காலேஜ் பெண்கள் காம்பவுண்டு வரைக்கும் வந்து, "இது எந்தக் கடையிலக்கா புதுசா வந்திருக்கு?" என்று கேட்டார்கள்.

"இன்னும் கடைக்கு வரல பாப்பா" என்றாள் அக்கா.

அது நைலக்ஸ் சேலை வந்து எல்லோரையும் பைத்தியமாக அடித்த காலம். என்னிடமும் ஒன்று இருந்தது. அந்த வெயிலில் அதைக் கட்டிக்கொண்டு நான் வெந்துபோய் நிற்பேன். அக்கா கஞ்சி போட்ட பருத்தியில் விறைப்பாக, வியர்வை தெரியாமல் இருப்பாள். "வெளுக்காத சாயம்னு சொல்லித் தாரத நம்பாதீங்க டீச்சர். நம்மூரு வெயிலுக்கு எல்லாமே வெளுக்கும். வெளுத்த பெறகும் பாக்க நல்லாருக்குற நெறமாப் பாத்து எடுங்க." அவள் எனக்குச் சொன்னதில் இன்றைக்கும் துணிக்கடையில் நிற்கும்போது நினைவுக்கு வருவது இதுதான்.

துவைத்ததை அவள் பொதுக் கொடியில் போடவே மாட்டாள். வீட்டுக்குள் கட்டிலின் மேல் விரித்துக் காயப்போடுவாள். நான் காரணம் கேட்டேன்.

"கொடியில போட்டா எண்ணிப்புடுவாக."

மாமியாரின் ஒன்றுவிட்ட அக்கா ஒருத்தி இரண்டு தெரு தள்ளி இருந்தாள். தினமும் உறைமோர் வாங்கும் சாக்கில் கிண்ணத்தோடு வருவாள். வந்ததும் கண் கொடிக்குப் போகும். கொடி காலியாக இருக்கும். பிறகு அக்காவை மேலும் கீழும் பார்ப்பாள்.

"ஏத்தா, தெனம் ஒண்ணு உடுத்துறியே. ஆத்தா எடுத்துக் குடுத்தாளா?"

"எங்காத்தாளுக்கு ஏது பெரியம்மா. வெயிலு வந்துச்சுல்ல, அது எடுத்துக் குடுத்துச்சு."

"புதுசாத்தா?"

"ஒங்களுக்கு எப்படித் தெரியுதோ அப்படி."

அவள் போனதும் அக்கா என்னைப் பார்த்துச் சிரிப்பாள். "இம்புட்டும் இன்னைக்குச் சாயங்காலமே திருப்பரங்குன்றம் போயிரும். அந்தம்மாவுக்குச் சோறு எறங்காது." அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கும். ஒருமுறை, இப்படி நாலு துணியை வைத்துக்கொண்டு எவ்வளவு நாள் தாக்குப்பிடிப்பாய் என்று கேட்டேன். "அழகர் பெட்டியில மட்டும் எம்புட்டுப் பட்டு இருக்கு? ஆத்துல எறங்குறப்ப உடுத்த பட்டர் கையவிட்டு எடுக்குறது பச்சையா செவப்பான்னுதான ஊரே வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிது? என்ன வச்சிருக்கோம்ங்கிறது இல்ல டீச்சர். அடுத்து எது வரும்னு அவுகளுக்குத் தெரியக்கூடாது" என்றாள்.

பட்டு ஜாக்கெட் டெய்லரிடமிருந்து திரும்பி வந்திருந்தது. மாம்பழ மஞ்சள். கை ஓரத்தில் மயில்கழுத்துக் கரை, அதில் சரிகை அன்னங்கள். கறுநீலச் சுங்குடிக்கு அதைப் போட்டால் எடுப்பாக இருக்குமே என்றேன். அவள் அதை மடித்து உள்ளே வைத்துவிட்டாள்.

"அதுக்கு நாள் வரும்."

ஆனி பிறந்தும் வெயில் இறங்கவில்லை. அக்காவின் நாத்தனாருக்கு, அதாவது புருஷனின் தங்கைக்கு, வளைகாப்பு என்று தெரிந்தது. நாத்தனாரைக் கட்டிக்கொடுத்ததும் திருப்பரங்குன்றத்திலேயேதான், வளைகாப்பும் அந்த வீட்டில்தான். அக்காவுக்கு அழைப்பு இல்லை. ஆனால் அவர்கள் வழக்கப்படி, பிறந்த வீட்டுப் பக்கத்திலிருந்து முதல் வளையலை அண்ணன் பெண்டாட்டி போட வேண்டும். அக்கா பெட்டியைக் கேட்கவில்லை. அதனால் இன்னும் அண்ணன் பெண்டாட்டிதான்.

"டீச்சர், நீங்களும் வாங்க. கைப்பிள்ளையத் தூக்கிட்டு வாங்க. வளைகாப்பு வீட்டுல கைப்பிள்ளக்காரிய யாரும் வெளிய போன்னு சொல்ல மாட்டாக" என்றாள். குழந்தையைக்கூட அவள் கணக்கில் சேர்த்திருந்தாள்.

கறுநீலச் சுங்குடியை முந்தின நாளே கஞ்சி போட்டுத் தேய்த்து வைத்திருந்தாள். அன்றைக்குத்தான் பட்டு ஜாக்கெட்டை எடுத்தாள். பருத்திச் சேலைக்குப் பட்டு ஜாக்கெட். கொஞ்சம் பொருந்தாமல் கண்ணை இழுத்தது. திருப்பரங்குன்றத்துக்கு பஸ் ஏறினோம்.

பந்தலுக்குள் நுழைந்ததும் நான் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மனைப்பலகையில் உட்கார்ந்திருந்த நாத்தனார் கட்டியிருந்தது மாம்பழ மஞ்சள் பட்டு. மயில்கழுத்துக் கரையில் அன்னங்கள். அதற்கு அவள் போட்டிருந்தது ஒரு சிவப்பு ஜாக்கெட், எங்கோ கிடைத்தது. பெட்டியைப் பூட்டி வைத்தவள் பட்டை மட்டும் மகளுக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறாள். கொடுப்பாள் என்று அக்காவுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தன் மாமியாரை அவள் அவ்வளவு படித்திருந்தாள்.

அக்கா நேராகப் போனாள். மாமியார் எழுந்து குறுக்கே வந்தாள். "நீ எங்க வந்த?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"மொத வளையலு நான்தான போடணும் அத்தை."

குனிந்து, நாத்தனாரின் கையை எடுத்துத் தன் கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மெதுவாக, மிகவும் மெதுவாக வளையலை ஏற்றினாள். மஞ்சள் முந்தானைக்கு ஒட்டினாற்போல மஞ்சள் ஜாக்கெட்டின் கை. அன்னத்துக்கு அன்னம். பந்தலில் இருந்த அத்தனை பெண்களும் சேலை பார்க்கத் தெரிந்தவர்கள். பேச்சுச் சத்தம் வரிசையாக அடங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் நாத்தனாரின் மாமியார், அவர்தான் அந்த வீட்டுச் சம்பந்தியம்மா, அமைதியாகக் கேட்டார்:

"ஏத்தா, ஒன் சட்ட இங்கிட்டு இருக்கு. சேல எதுக்கு அங்கிட்டு இருக்கு?"

"அது அத்தைக்குத்தான் தெரியும்" என்றாள் அக்கா. சந்தனம் பூசினாள், பூ வைத்தாள், சாப்பிடவும் உட்கார்ந்தாள். நான்தான் குழந்தையைச் சாக்கு வைத்துப் பாதியில் எழுந்துவிட்டேன். அவள் கேட்டு வாங்கி இரண்டு முறை பாயசம் சாப்பிட்டாள்.

ஊர் வாய்க்குப் பயந்தவர்கள் செய்கிற தப்பை மாமியார் செய்தாள். சம்பந்தி வீட்டில் போன மானத்தைப் பிடிக்க வேண்டும் என்ற அவசரம். அந்த வாரமே ஒரு குதிரை வண்டியில் தகரப் பெட்டியை ஏற்றிக்கொண்டு, தானே காம்பவுண்டுக்கு வந்து இறங்கினாள். திறந்து காட்டினாள். பட்டு மேலேயே மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"பாத்துக்கத்தா. ஒன் துணிக்கு ஆசப்பட்டு நாங்க யாரும் உக்காந்திருக்கல" என்றாள், எல்லா வீட்டுக்கும் கேட்கும்படி.

உறைமோர்ப் பெரியம்மா கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தாள். அக்கா அவளை முதலில் அழைத்தாள். பிறகு என்னை, பிறகு மற்ற வீட்டுக்காரர்களை. எல்லோரும் வந்து நின்றதும் கேட்டாள்.

"பெரியம்மா, நீங்க அவுக பக்கத்து ஆளு, நீங்களே சொல்லுங்க. நான் பெட்டியக் கேட்டேனா?"

"இல்லத்தா."

"யாரையாச்சும் அனுப்பிச்சேனா?"

"இல்ல."

"கேக்காமலே கொண்டாந்து எறக்கிட்டாக. அப்ப அத்துவிட்டது யாரு?"

மாமியாருக்கு அப்போதுதான் புரிந்தது. பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். வண்டிக்காரர்கூடச் சிரித்துவிட்டார். அக்கா மேலே இருந்த பட்டை எடுத்து அந்த அம்மாளின் கையில் வைத்தாள்.

"இத ஒங்க மகளுக்கே குடுத்துருங்க அத்தை. ஆசயா உடுத்துச்சு. ஜாக்கெட்டு மட்டும் எங்கிட்ட இருக்கட்டும்."

நகை, பாத்திரம் எல்லாம் பஞ்சாயத்தில் அக்கா பக்கம் வந்தது. பெட்டியைக் கொண்டுபோய் இறக்கின வீடு என்று அந்தக் குடும்பத்துக்குப் பெயர் விழுந்தது. அந்த வீட்டுக்கு அடுத்த பெண் கிடைக்க நெடுநாள் ஆனது. அக்கா அதோடு விட்டுவிட்டாளா என்றால், இல்லை. ஒவ்வொரு கார்த்திகைக்கும் திருப்பரங்குன்றம் கோயிலுக்குப் போவாள். மஞ்சள் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு போவாள். கூட்டத்தில் அந்த மஞ்சளைக் கண்டால் நாத்தனார் பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வேறு சந்தில் திரும்பிவிடுவாளாம். இதை அக்காவே என்னிடம் சொன்னாள், கடைக்குப் போய் வந்ததைச் சொல்வது போல.

எனக்கு மனது கேட்கவில்லை. வளையல் போடும்போது அந்தப் பெண்ணின் கை எப்படி நடுங்கியது என்று பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். "அது சின்னப் பிள்ளக்கா. அம்மா குடுத்தத உடுத்திக்கிச்சு. தெரியாமத்தான செஞ்சிருக்கும்?" என்றேன்.

"தெரியாம எப்படி டீச்சர்? மடிப்பு பிரிக்கும்போது என் பவுடரு வாசம் வந்திருக்கும்ல?"

அதன் பிறகு நாங்கள் வீடு மாறிப் போனோம். இத்தனை வருஷத்தில் அவளை நினைக்கும்போதெல்லாம், ஒரு மனுஷிக்கு இவ்வளவு வன்மம் ஆகாது என்றுதான் நினைத்திருக்கிறேன். மகளின் காதைப் பார்த்த அன்றைக்கு அந்த நினைப்பு போய்விட்டது. எனக்கு அக்கா வேண்டியிருந்தாள். எனக்கு அந்த வன்மம் முழுக்க வேண்டியிருந்தது.

என் பழைய பருத்திச் சேலைகளை எல்லாம் தரையில் விரித்தேன். மகளின் கல்யாணத்துக்கு முந்தைய தாவணிகளை எடுத்தேன். எது எதோடு சேரும் என்று பார்த்தேன். ஒரு ஜாக்கெட்டைக் கறுப்பாக்கினேன். காப்பிப்பொடி நிறத்தில் இருந்த என் சேலையோடு அவளுடைய பச்சைத் தாவணியைக் கையாலேயே ஒட்டுப் போட்டேன். துவைத்ததைக் கொடியில் போடவில்லை. அடுத்த மாதம் மகளின் மாமியார் வீட்டில் ஒரு காதுகுத்து வருகிறது. அதற்கு அவளை எப்படி உடுத்தி அனுப்புவது, யார் முன்னால் நிறுத்துவது என்று தூக்கத்திலும் யோசித்தேன். அவளிடம் அக்காவின் கதையைச் சொன்னேன். பெட்டியை ஏன் கேட்கக்கூடாது என்று விளக்கினேன். அவள் தாவணி ஒட்டை விரலால் தடவியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கேட்டா அத்துக்கிட்டதா அர்த்தமாம்மா?"

"ஆமா. அதுக்குத்தான் அவங்க காத்துக்கிட்டிருக்காங்க."

"நான் அத்துக்கத்தானம்மா வந்திருக்கேன்."

எனக்குக் கோபம் வந்தது. ஊர் என்ன சொல்லும், குற்றம் உன் தலையில் விழுமே, அவன் மாலையும் கழுத்துமாக நிற்பானே என்று கத்தினேன். "நிக்கட்டும். அந்தக் காதுகுத்துக்கு நான் எதுக்கும்மா போகணும்? எனக்கு என் துணி வேணும்" என்றாள். இரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் காலையில், நானே போய்க் கேட்டு வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று எழுந்து நின்றாள். அப்பாவை மட்டும் துணைக்கு வரச் சொன்னாள்.

என்னால் தடுக்க முடியவில்லை. "இத உடுத்திட்டுப் போ" என்று ஒட்டுச் சேலையைக் கொடுத்தேன். கஞ்சி போட்டுத் தேய்த்து வைத்திருந்தேன். கறுப்பு ஜாக்கெட். கொசுவத்தை நானே மண்டி போட்டு உட்கார்ந்து மடிப்பு மடிப்பாக எடுத்துவிட்டேன். மடிப்பு நேராக விழுந்தது.

மத்தியானம் வரைக்கும் வாசலிலேயே நின்றேன். ஆட்டோ வந்தது. என் வீட்டுக்காரர் இரண்டு சூட்கேஸ்களை இறக்கினார். மகள் பின்னால் இறங்கினாள். சேலை கசங்கியிருக்கவில்லை.

"என்னடி சொன்னாங்க?" என்றேன்.

"உள்ள போனதும் என்னை மேலயும் கீழயும் பாத்தாங்க. அத்தை மொதல்ல கேட்டதே, 'இந்தச் சேல எந்தக் கடையில எடுத்தது?'ன்னுதாம்மா."

"நீ என்ன சொன்ன?"

"பீரோவத் தெறங்கன்னு சொன்னேன்."